மாலைக்கு முன் மைதானம்

2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 2-ந் தேதி, பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக் இறகுப்பந்துப் போட்டியின் இறுதிப் பந்தயத்தில், காஞ்சீபுரத்தைச் சேர்ந்த குமாரி துளசிமதி முருகேசன், சீன தேசத்து யாங் கியூஷியாவை எதிர்த்து நின்றார். எதிரில் நின்றவர் சாமானியரல்லர். மூன்று வருஷங்களுக்கு முன் டோக்கியோவில் இதே பிரிவில் தங்கம் வென்றவர். முதல் ஆட்டம் 21-17, இரண்டாவது ஆட்டம் 21-10 என்ற கணக்கில் சீன வீராங்கனை வென்றார். துளசிமதிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதே யாங் கியூஷியாவை, 2023 அக்டோபரில் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டு இறுதிப் பந்தயத்தில், அவருடைய சொந்த தேசத்திலேயே, 21-19, 21-19 என்று வென்று தங்கம் பெற்றவர் நமது துளசிமதி என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அன்று பாரிஸில் நடந்தது இத்துடன் முடியவில்லை. திருவள்ளூரைச் சேர்ந்த குமாரி மனீஷா ராமதாஸ், டென்மார்க் வீராங்கனை கத்ரீன் ரோசன்கிரேனை 21-12, 21-8 என்று எளிதில் வென்று வெண்கலம் பெற்றார். இவரை அரையிறுதியில் தோற்கடித்தவரும் துளசிமதியேயாவார். அந்த ஆட்டத்தின் முதல் பகுதி 23-21 வரை நீண்டது என்றால், இருவருக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். ஓசூரைச் சேர்ந்த குமாரி நித்ய ஸ்ரீ, உயரக் குறைவு உடையவர்களுக்கான பிரிவில், இந்தோனேசியாவின் ரீனா மர்லினாவை 21-14, 21-6 என்று வென்று மற்றொரு வெண்கலம் பெற்றார். பாராலிம்பிக்கில் இறகுப்பந்து ஆட்டம் முதன் முதலாகச் சேர்க்கப்பட்டது டோக்கியோவில். அங்கே இந்தியா பெற்ற இறகுப்பந்துப் பதக்கங்கள் யாவும் ஆடவர் பெற்றவை. பாரிஸில்தான் இந்தியப் பெண்களின் கழுத்தில் முதன் முதலாக அப்பதக்கம் ஏறியது. ஏறிய மூன்று கழுத்துக்களும் தமிழ்நாட்டுப் பெண்களுடையவை. பரந்த பாரத தேசம் முழுவதிலுமிருந்தும் இந்த மூவரே இப்பெருமைக்கு உரியவர்களானார்கள் என்பதை எண்ணும்போது எந்தத் தமிழனுடைய நெஞ்சுதான் பூரிக்காது?

பூரிப்பது சுலபம். பூரித்த பிறகு நாம் என்ன செய்தோம், பூரிப்பதற்கு முன் என்ன செய்திருந்தோம் என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயம்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைப் போக்க வேண்டும். "இறகுப்பந்து ஒரு கையால் ஆடும் ஆட்டந்தானே? மற்றொரு கையில் குறையிருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆட்டத்தைத் திண்ணையிலிருந்து பார்ப்பவர்களின் கேள்வி இது. மட்டை பிடித்த கை பின்னால் ஓங்கும்போது, மற்றொரு கை முன்னால் நீண்டு உடம்பின் பாரத்தைச் சமன் செய்கிறது. ஆட்டக்காரர் துள்ளி எழும்பும்போது தோள்களைத் திருப்பிக் கொடுப்பதும், கீழே இறங்கும்போது தடுமாறாமல் நிறுத்துவதும் அந்தக் கையே. பந்தை முதலில் போட்டுக் கொடுப்பதற்கும் இரண்டு கைகள் வேண்டும். ஒரு கை பந்தைப் பிடிக்க, மறு கை அடிக்கிறது. துளசிமதிக்குப் பிறவியிலேயே இடக்கையில் குறை இருந்தது. பிற்பாடு நேர்ந்த ஒரு விபத்து அக்கையை மேலும் வலுவிழக்கச் செய்தது. மனீஷாவுக்குப் பிறக்கும்போதே வலக்கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. இவர்கள் உடம்பின் சமநிலையையே புதிதாகக் கற்றுக்கொண்டு, நாற்பத்துநான்கு அடி நீளமுள்ள ஆடுகளம் முழுவதும் ஓடி ஆடுகிறார்கள். இவர்களுடைய பிரிவில் ஒற்றையர் ஆட்டத்துக்கு ஆடுகளத்தில் ஓர் அங்குலமும் குறைப்பதில்லை. ஆகையால், "பாவம், குறையுள்ள பெண், ஆனாலும் சாதித்துவிட்டாள்" என்ற பச்சாத்தாபப் புகழ்ச்சி இவர்களுக்குத் தேவையில்லை. சைனா நேவாலையும் பி. வி. சிந்துவையும் எந்த அளவுகோலால் அளந்தோமோ, அதே அளவுகோலால் இவர்களையும் அளப்பதே இவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

துளசிமதியின் வாழ்க்கையைக் கவனிப்போம். கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய தந்தையே அவருக்கு முதல் ஆசான். தாமே விளையாட்டில் பற்றுள்ளவராதலால், தம் பெண்களின் கையில் அவர் மட்டையைக் கொடுத்தார். பிற்காலத்தில் பாரா போட்டிகளுக்கு வருமுன், குறையற்ற ஆட்டக்காரர்களோடு சமமாக நின்று ஆடிப் பழகியவர் துளசிமதி. விளையாட்டோடு படிப்பையும் விடவில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அந்தக் கடினமான பாடங்களைப் பயின்றார். "விளையாடினால் படிப்புக் கெடும்" என்று சொல்லிப் பத்தாம் வகுப்பு வந்தவுடன் பெண்ணின் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிப் பரண்மேல் போடும் பெற்றோர்கள், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் இந்த ஒரு பெண்ணின் கதையை ஒரு முறையாவது சிந்திக்க வேண்டும்.

பதக்கம் வந்த பிறகு மரியாதைக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனீஷாவுக்கும் நித்ய ஸ்ரீக்கும் தலா 1 கோடி ரூபாயும் அளித்தது. 2025 ஜனவரி 17-ந் தேதி ராஷ்டிரபதி பவனத்தில் மூவரும் அர்ஜுனா விருது பெற்றார்கள். இவையாவும் தகுதியுள்ளவர்களுக்குத் தகுந்த கௌரவம். இதில் ஒரு காசையும் குறைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெற்றிக்கு முன் உதவி செய்யச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் அநியாயமாகும். 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ஏற்பட்டது. விளையாட்டுச் சாதனங்களுக்கும் வெளியூர் வெளிநாட்டுப் பிரயாணங்களுக்கும் அதன்மூலம் உதவி கிடைக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. இவை பாராட்டத்தக்க காரியங்கள்.

ஆயினும், இந்த உதவிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கு உரியவை. மாவட்டத்தில் ஒரு முறை ஜெயித்தவருக்கு மாநிலத்துக்குப் போக வழி உண்டு. மாநிலத்தில் ஜெயித்தவருக்கு டில்லிக்குப் போக வழி உண்டு. முதல் முறையாக மட்டையைத் தொட விரும்பும் பத்து வயதுச் சிறுமிக்கு, அதிலும் ஒரு கையோ ஒரு காலோ குறைந்த சிறுமிக்கு, என்ன வழி? காய்த்த மரத்துக்கு வேலி போடப் பலர் வருகிறார்கள். கன்றுக்குத் தண்ணீர் வார்க்க அந்தச் சிறுமியின் தகப்பனைத் தவிர ஆள் இல்லை. எல்லாச் சிறுமிகளுக்கும் அப்படிப்பட்ட தகப்பன் வாய்ப்பதில்லை.

இறகுப்பந்து ஆட்டத்துக்கு ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. ஓட்டப் பந்தயத்துக்குத் தெரு போதும். சடுகுடுவுக்குக் கொஞ்சம் மண் போதும். கால்பந்துக்கு ஒரு பொட்டல் போதும். இறகுப்பந்தோ பதினாறு இறகுகளைச் செருகிய, ஐந்து கிராம் எடைகூட நிச்சயமில்லாத பொருள். லேசான காற்று அடித்தாலும் அது போக வேண்டிய வழியை விட்டு விலகிவிடும். நமது மயிலையிலும் அடையாற்றிலும் பிற்பகலில் கடற்காற்று வீசுவது வெயிலுக்குப் பரம சுகம். இந்த ஆட்டத்துக்கோ பரம விரோதி. ஆகவே நான்கு சுவர்களும், உயர்ந்த கூரையும், வழுக்காத தரையும், கண்ணைக் கூசாத விளக்கும் வேண்டும். நல்ல பந்து ஒன்று சில ஆட்டங்களுக்குமேல் தாங்காது. இறகு ஒடிந்தவுடன் எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். இந்தச் செலவுகள் காரணமாக, யாரும் திட்டம் போட்டு விலக்காமலேயே, ஏழைகள் இந்த ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு விடுகிறார்கள். சுவர் உள்ள இடத்துக்கு வாசல் உண்டு. வாசலில் காவற்காரர் உண்டு. காவற்காரர் கேட்பது அங்கத்தினர் அட்டை அல்லது மணிக்கு இவ்வளவு என்ற கட்டணம்.

தென் சென்னையின் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். மின்சாரக் கம்பத்துக்கும் மாடிக் கம்பிக்கும் நடுவில் கயிறு கட்டி, பிளாஸ்டிக் பந்தை வைத்துக்கொண்டு குழந்தைகள் ஆடுகிறார்கள். மோட்டார் வண்டி வரும்போதெல்லாம் கயிற்றை அவிழ்த்து வழி விடுகிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஆசை இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆசை தெருவில் நிற்கிறது. ஆடுகளம் பூட்டின கதவுக்குள் இருக்கிறது. இந்த நகரத்தின் இப்பகுதியில் பள்ளிக்கூடங்கள் நிறைய உண்டு, கல்லூரிகள் உண்டு, சபைகள் உண்டு, கிளப்புகள் உண்டு, வசதி படைத்த குடும்பங்களும் உண்டு. வேறு எந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு சௌகரியம் இல்லை. அப்படியிருந்தும், காஞ்சீபுரமும் திருவள்ளூரும் ஓசூரும் மூன்று பதக்கங்களைக் கொண்டுவந்தன. அவற்றுக்கு முன்பே, 2022 மே மாதத்தில் பிரேசில் தேசத்தில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில், மதுரையைச் சேர்ந்த குமாரி ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றார். அந்த வருஷமே மனீஷா உலகச் சாம்பியன் பட்டமும் பெற்று, உலக இறகுப்பந்துச் சம்மேளனத்தால் அவ்வருஷத்தின் சிறந்த பாரா வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த நால்வரில் ஒருவர்கூட மயிலாப்பூர்க்காரரோ, மாம்பலத்துக்காரரோ, அடையாற்றுக்காரரோ அல்லர். சின்ன ஊர்களின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. எல்லாம் இருக்கும் இடத்தில் ஏன் இது நடக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காமல் இருந்தால் குற்றம் நம்முடையது.

நகரசபையின் போக்கையும் இங்கே குறிப்பிடாமல் இருப்பதற்கில்லை. பாரிஸ் வெற்றிக்கு இரண்டு மாதங்கூட ஆகாத 2024 அக்டோபர் இறுதியில், சென்னை மாநகராட்சி தன்னுடைய ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் வசம் ஒப்படைத்து, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானித்தது. ஜனங்கள் கண்டித்தார்கள், தீர்மானம் உடனே கைவிடப்பட்டது. தவற்றை உணர்ந்து திருத்திக்கொண்டது நல்லதுதான். ஆனால் அத்தீர்மானம் தோன்றியதற்குக் காரணமான எண்ணம் எளிதில் மறையக்கூடியதல்ல. பராமரிக்கப் பணம் வேண்டும், பணம் தருகிறவர் ஆடட்டும் என்பதே அந்த எண்ணம். பராமரிப்புச் செலவு உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. தெரு விளக்குக்கும் செலவு உண்டு. விளக்கின் கீழே நடக்கிறவரிடம் மணிக்கணக்கில் கட்டணம் கேட்கிறோமா? குழந்தைகளின் விளையாட்டும் அவ்விதப் பொதுக் காரியமே. 120 ரூபாய் கொடுக்கத் தயங்கும் கூலிக்காரத் தகப்பனுடைய பெண், இன்னொரு துளசிமதியாக இருக்கக்கூடும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இது தர்மத்தின் பாற்பட்டது மட்டுமன்று, சட்டத்தின் பாற்பட்டதுமாகும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு, அவர்கள் விளையாட்டில் முழுப் பங்கு பெறுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பைச் சர்க்கார்மீது சுமத்தியிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வாசற்படியில் சாய்தளமாக மாற வேண்டும். மெரினாக் கடற்கரையில் 2022 நவம்பர் 27-ந் தேதி மாற்றுத்திறனாளிகளுக்கென்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் சென்னையில் வசித்தும் அலையைத் தொட்டறியாத பலர் முதன் முறையாக அதைத் தொட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டோஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். 2024 ஆகஸ்டு முதல் தாழ்தளப் பேருந்துகளும் நகரில் மறுபடி ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர் இப்படிப் பேருந்தில் ஏறி ஆடரங்கத்தின் வாசல்வரை வந்து சேரலாம். அங்கே ஏழு படிகள் இருந்தால் வந்த பயணம் அத்தனையும் வீண். அவர் ஆடிப் பழகுவது எங்கே? வெல்வது எப்போது?

ஆகவே நாம் யோசனையாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. அவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

முதலாவது, பொது நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு உள்ளரங்கமும், அது சர்க்காருடையதாயினும் குத்தகைக்கு எடுத்தவர்களுடையதாயினும், வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரத்தைக் கட்டணமின்றிச் சுற்றுப்புறத்துப் பெண் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் கூட்டம் இருக்கலாம். நடுப்பகலில் எந்த அரங்கமும் நிறைந்து வழிவதாக நாம் கண்டதில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் அந்நேரம் குழந்தைகளுக்குப் பயன்படும்.

இரண்டாவது, இப்பகுதியின் பெரிய பள்ளிக்கூடங்கள், மாலை மணி அடித்த பிறகு தங்கள் அரங்குகளைப் பூட்டி வைக்கின்றன. அந்தப் பூட்டை வாரம் இரண்டு நாள் திறந்து, அண்டையிலுள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வலையின் இரு புறமும் நின்று ஆடினால் இரு சாராருக்கும் லாபம்.

மூன்றாவது, குறையுள்ள குழந்தைகளுக்கென்று நகரத்தின் ஒரு மூலையில் தனி இடம் அமைத்து அங்கே அனுப்பிவிடலாம் என்ற யோசனை சிலருக்குத் தோன்றும். அது கருணை போலத் தோன்றும் ஒதுக்கல். துளசிமதி குறையற்றவர்களோடு ஆடித்தான் தம் ஆட்டத்தை வளர்த்தார். பயிற்சி சேர்ந்தே நடக்கட்டும்; பிரிவு வகுப்பது போட்டியில் போதும். பயிற்சியாளர்களுக்கு இந்தப் பிரிவுகளின் விதிகளையும் முறைகளையும் கற்பிக்க விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது, பந்துச் செலவு. கல்யாணத்திலும் சீமந்தத்திலும் ஆடம்பரத்துக்கு அஞ்சாத நமது தென் சென்னைக் குடும்பங்கள், ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அரங்கத்துக்குச் சில பெட்டி இறகுப்பந்துகளை வாங்கிக் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது. சபாக்களில் கச்சேரிக்குப் புரவலர்கள் கிடைக்கிறார்கள். கலையைக் காப்பாற்றிய அதே கைகள் விளையாட்டையும் காப்பாற்றட்டும்.

"பதக்கம் பெறுவதுதானா வாழ்க்கையின் லட்சியம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரம் பெண்கள் ஆடினால் ஒருத்திக்கே பதக்கம் கிடைக்கும். ஒருவேளை ஒருத்திக்கும் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் உடல் உரம் கிடைக்கும். தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கும் பண்பு கிடைக்கும். நாலு பேர் பார்க்க நிமிர்ந்து நிற்கும் தைரியம் கிடைக்கும். ஒரு கை சூம்பியிருக்கிறதென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்த பெண், அந்தக் கையை வெளியே எடுத்துப் பந்தைப் பிடித்து ஆட்டத்தைத் தொடங்கும் நாள், அவளுக்கும் அவள் குடும்பத்துக்கும் எந்தப் பதக்கத்துக்கும் குறைந்த நாள் அல்ல. சுதந்திர தேசம் தன் குடிகளுக்குத் தரவேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

2028-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அடுத்த பாராலிம்பிக் நடைபெறும். துளசிமதிக்கு அப்போது வயது இருபத்தாறு, மனீஷாவுக்கு இருபத்துமூன்று. அவர்கள் தங்கம் வென்று வரவேண்டுமென்பதே நமது பிரார்த்தனை. வந்தால் விமான நிலையத்தில் மாலைகளுக்குக் குறைவிராது. ஆனால் 2036-லும் 2040-லும் ஆடவேண்டிய பெண் இன்று எங்கோ இருக்கிறாள். கபாலீசுவரர் கோவிலின் மாட வீதியில் பூக்கட்டும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ரங்கநாதன் தெருக் கடையின் பின்புறத்தில் தகப்பனுக்காகக் காத்திருக்கலாம். அடையாற்றின் கரையோரக் குடிசையில் இருக்கலாம். அவளுக்கு மாலை இப்போது வேண்டாம். ஒரு மட்டையும், சில பந்துகளும், படியில்லாத ஒரு வாசலும், திறந்த ஒரு கதவும் போதும். சென்னைவாசிகளே, அந்தக் கதவின் சாவி வேறு யாரிடமும் இல்லை, நம்மிடமே இருக்கிறது.